சொந்தம் வந்தால் எழும்பிப் போகிற சட்டம்

காக்கா,

போன கிழமை எங்கள் அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்குத் திருவிழாவுக்கான கூட்டம். கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் நடுவில் இருக்க, நாங்கள் சுற்றிவரப் பாயில் இருந்தோம். ஒலிபெருக்கி வேலையை யாருக்குக் கொடுப்பது என்ற கதை வந்தது. என் மச்சானும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டைவிட இரைச்சல் கூடுதலாக வரும் பெட்டிகள். யாரோ அவன் பெயரைச் சொன்னதுதான் தாமதம், என் கால்கள் என்னைக் கேட்காமலே எழும்பிவிட்டன. ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் மடைப்பள்ளிப் பக்கம் நின்றேன்.

அங்கே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, வயித்தால போகுதா?"

"இல்லண்ணே. மச்சான்ட கதை நடக்குது. நான் உள்ளுக்க இருக்கப்படாது."

"ஏன், அவனோட கோவமா?"

நான் விளங்கப்படுத்துவதற்குள் வண்ணக்கரே வெளியே வந்துவிட்டார். என் கையைப் பிடித்தார். "கோவிக்காம உள்ள வா மனே. உன்ட மச்சானுக்கே குடுத்தாச்சு."

கூட்டத்தில் எழும்பிப் போனால் அது கோபம். நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. நேர்மைக்காக வெளியே போன நான், மச்சானுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவனாகத் திரும்பி வந்து பாயில் இருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியில்தான் சிரிப்பு நின்றது. இந்தக் கால்களுக்கு அந்தப் பழக்கத்தைப் பழக்கிவிட்டுப் போனவர் நீங்கள்.

உங்களை முதலில் கண்டதும் ஒரு கூட்டத்தில்தான். எங்கள் துடுப்புப் படகுச் சம்மேளனம் அப்போதுதான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. பெயரில் மட்டும் 'தேசிய' என்று இருந்தது. தலைவர் எங்கள் ஊரில் பிறந்து கொழும்பில் வியாபாரம் செய்கிறவர். கொழும்புக்காரர்களிடம் கயாக் படகுகள் இருந்தன, ஓட்டத் தண்ணீர் இல்லை. எங்களிடம் வாவி இருந்தது. அப்படித்தான் வாவிக்கரையில் படகு எஞ்சின் திருத்தும் நான், சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தோடு சண்டை பிடித்துப் பிரிந்தவன், ஒரு தேசிய சபையில் மட்டக்களப்பின் பிரதிநிதியாக வந்து இருந்தேன். வேறு தகுதி ஒன்றும் எனக்கு இல்லை. படகு ஓட்டப் பழகிய மகளைக் கூட்டிவந்த அப்பாமாரில், கூட்டம் முடியும்வரை எழும்பாமல் இருந்தது நான் ஒருவன்தான்.

மூத்த சம்மேளனங்களை இளைய சம்மேளனங்களோடு சோடி சேர்க்கும் திட்டம் ஒன்று வந்தது. கலியாணம் பேசுவதுபோலத்தான். மூத்தது இளையதற்கு ஒழுங்காக நிர்வாகம் நடத்தப் பழக்கவேண்டும். உங்களுடையது பழைய பந்து விளையாட்டு. அதில் நீங்கள் நெடுங்காலம் செயலாளராக இருந்தவர். காத்தான்குடியிலேயே ஆள் இருப்பதால் எங்களுக்கு உங்களைக் குறித்தார்கள். தலைவர் உங்களுக்கு மாலை போட்டு, பெரிய கதிரையில் இருத்தி, "ஹாஜியார், புதுப் படகுகள் எப்ப வரும்?" என்று கேட்டார். நீங்கள் அவரைக் கேட்டது வேறு, சம்மேளனத்தின் சட்டப் புத்தகமான யாப்பைப் பற்றி.

"உங்கட யாப்பில தலைவர் எவ்வளவு காலம் இருக்கலாம் என்டு இரிக்கி?"

தலைவர் சிரித்தார். "உடம்பில தெம்பு இருக்கும்வரைக்கும் இருக்கலாம், ஹாஜியார்."

"அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளத் தரட்டும். சம்மேளனத்துக்கும் தரட்டும்."

அதையும் அவர் வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. நீங்கள் அதைக் கண்டுவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் என் கராஜுக்கு வரத் தொடங்கினீர்கள். மற்றவர்களுக்கு ஹாஜியார், எனக்குக் காக்கா, உங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணன். வெள்ளைச் சாரனில் ஒயில் படக்கூடாது என்று நான் பழைய பேப்பர் விரிப்பேன். பேப்பரிலும் ஒயில்தான் இருக்கும். யாப்பின் ஒவ்வொரு பந்தியையும் வாசித்து, எனக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்வீர்கள். நான் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, என்னைத் திருத்தாமல் யாப்பைத் திருத்தினீர்கள். "அங்கத்தவருக்கு விளங்காத சட்டம், சட்டமில்ல தம்பி, படம் காட்டுற வேல." படிப்பில் என்னை ஒருவர் அளவுகோலாக வைத்தது அதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் சொல்வீர்கள். "நல்லவன நம்பிச் சட்டம் எழுதப்படா. நாளைக்கு ஒரு கெட்டவன் இதே கதிரையில வந்து இருப்பான் என்டு நினைச்சு எழுதணும்."

நாளைக்கு என்றுதான் நாம் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சொந்தக்காரர் பற்றிய பந்தியை எழுதியதும் அங்கேதான். அணிக்கு ஒருவரைத் தெரிவு செய்யும்போது அவருடைய சொந்தம் சபையில் இருந்தால், அந்த ஆள் எழும்பி வெளியே போகவேண்டும். முடிவு எடுத்த பிறகுதான் உள்ளே வரலாம். சொந்தம் என்றால் யார் யார் என்றும் அதிலே இருந்தது: தாய், தகப்பன், கணவன், மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர். வெளிநாட்டு யாப்பொன்றைப் பார்த்து உங்கள் சம்மேளனம் எழுதிக்கொண்டது. அதை அப்படியே எங்களுக்கும் எடுத்தோம்.

"மச்சான், மருமகன், மருமகள் ஒருத்தரையும் காணல்லையே காக்கா?" என்று நான் கேட்டேன்.

"அதுகளையும் போட்டா மட்டக்களப்பில கூட்டம் வெளியிலதான் நடக்கும் தம்பி. உள்ளுக்க கதிரைதான் மிஞ்சும்."

கையில் இருந்த ஸ்பனர் நழுவுமளவுக்குச் சிரித்தேன். நீங்களும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தீர்கள். தங்கச்சி மகளும் நமக்கு மருமகள்தான்; அவளுக்கு ஒன்று செய்யாதவனை நம் ஊரில் யாராவது மாமன் என்று மதிப்பார்களா? அந்தப் பந்தியை எழுதிய வெளிநாட்டுக்காரனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்துவிட்டு அடுத்த பந்திக்குப் போனோம்.

பிறகு, வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு முதன்முதலாக அணி அனுப்பப்போகிறோம் என்று வந்தது. பெண்களில் இருவர் போகலாம். என் மகள் அந்த இரண்டில் ஓர் இடத்துக்காகவே இருந்தாள். ஹோட்டல் வேலை ஒன்று வந்தபோதும், "போட்டி முடியட்டும் அப்பா" என்று தள்ளிவைத்தாள். வாவியில் நடந்த தெரிவு ஓட்டத்தில் கதிரவெளிப் பிள்ளை ஒருத்தி முதலாவதாக வந்தாள், என் மகள் இரண்டாவது. தலைவரின் தங்கச்சி மகள் அவர்களுக்குப் பின்னால், நல்லாய்ப் பின்னால். கரையில் வலை உதறிக்கொண்டு நின்ற ஆட்களுக்கும் அது தெரிந்தது.

அணியை முடிவு செய்யும் கூட்டம் பாசிக்குடாவில், ஒரு ஹோட்டலில். தலைவருக்குக் கூட்டம் என்றால் பாசிக்குடாதான், கடல் குளிப்பும் சேர்ந்து முடியும். கதிரவெளிப் பிள்ளையின் பெயரை எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அடுத்ததாக என் மகளின் பெயர் வந்தது. நான் எழும்பினேன்.

"இருங்க அண்ணே, ஒரு பேச்சுக்குத்தானே" என்றார் செயலாளர்.

நீங்கள் பார்வையாளர் கதிரையிலிருந்து என்னைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தீர்கள். வாழ்நாளில் முதல் தடவை ஒரு பரீட்சையில் சித்தியடைந்தவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனேன்.

அது கண்ணாடிக் கதவு. உள்ளே வாய்கள் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. தலைவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். தன் கதிரையை விட்டு அவர் அசையவில்லை. நீங்கள் பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தீர்கள். எனக்குப் பின்னால் கடலில் வெள்ளைக்காரர்கள் குதூகலமாகக் கத்தினார்கள். ஹோட்டல்காரர் ஒருவர் வந்து, குளிக்கத் துவாய் வேண்டுமா என்று கேட்டார்.

என்னை உள்ளே கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டாவது இடம் தலைவரின் தங்கச்சி மகளுக்கு. சர்வதேச மட்டத்துக்கு ஏற்ற ஆளுமை என்று காரணம் சொன்னார்கள்.

"அந்தப் பிள்ளையின்ட பேர் வரக்குள்ள தலைவர் எழும்பல்லையா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. யாப்பை எடுத்து, அந்தப் பந்தியை விரலால் தொட்டுக் காட்டினார். "மருமகள் என்டு இதில எங்க இருக்கு தம்பி? நீங்களும் ஹாஜியாரும் இருந்து எழுதினதுதானே."

திரும்பி வரும்போது நீங்கள் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தீர்கள். வாழைச்சேனையைத் தாண்டினோம். பிறகு நீங்கள்தான் தொடங்கினீர்கள்.

"வழிகாட்ட வந்தவனுக்கு வாக்கு இல்ல தம்பி. நான் வாய் துறந்தா, பழைய சம்மேளனம் வந்து புதுச் சம்மேளனத்த ஆளுது என்டு செல்லுவாங்க. திட்டமே முறிஞ்சிரும்."

"ஓம் காக்கா."

"அடுத்த பொதுக்கூட்டத்தில அந்தப் பந்தியத் திருத்துவம்."

"ஓம் காக்கா."

வீட்டில் மகள் கிணற்றடியில் துடுப்பைக் கழுவிக்கொண்டு நின்றாள். செய்தி எனக்கு முன்னமே அவளுக்கு வந்துவிட்டது.

"அப்பா, நீங்க ஏன் எழும்பிப் போனீங்க?"

"அது சட்டம் மகள்."

"சட்டம் உங்களுக்கு மட்டுமா?"

"மருமகள் என்டு எழுத விட்டுப்போச்சு."

"யாரு விட்ட?"

"நானும் காக்காவும்தான்."

அவள் சிரித்தாள். சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பது என்னிடமிருந்து போன பழக்கம். அதோடு வாவிக்குப் போவதை விட்டாள். இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். சுற்றுலா வருகிறவர்களைக் கயாக்கில் ஏற்றி, துடுப்புப் பிடிக்கக் காட்டிக்கொடுக்கிறாள். படகு கவிழ்ந்தாலும் கால் நிலத்தில் படுகிற கடல் அது. "பயமில்லாத வேலை அப்பா" என்கிறாள்.

திட்டம் முடிந்தபோது விழா வைத்தார்கள். நீங்கள் எழுதிய அறிக்கையை மேடையில் வாசித்தார்கள். இளைய சம்மேளனங்களுக்குள் முன்மாதிரி நாங்கள்தானாம். அத்தாட்சி என்ன தெரியுமா? தன் மகளின் பெயர் வந்தபோது சபை அங்கத்தவர் ஒருவர் தாமாகவே எழும்பி வெளியேறினார், அது கூட்டறிக்கையில் பதிவாகியிருக்கிறது. மண்டபம் கைதட்டியது. முதலில் தட்டியவர் தலைவர். கேடயம் வாங்கப் போனவரும் அவர்தான். நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, காக்கா. நான் வெளியே போனது உண்மை. உள்ளே நடந்ததை எழுத அறிக்கையில் இடம் போதவில்லையாக்கும்.

நீங்கள் மௌத்தான பிறகு வந்த பொதுக்கூட்டத்தில் அந்தத் திருத்தத்தை நானே கொண்டுபோனேன். மச்சான், மச்சாள், மருமகன், மருமகள் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். தலைவர் எழும்பினார். இது ஹாஜியாரின் கடைசி ஆசை, முதலில் அந்தப் பெரிய மனிதருக்கு மௌன அஞ்சலி செலுத்துவோம் என்றார். எல்லாரும் எழும்பித் தலை குனிந்து நின்றோம். திரும்ப இருந்தபோது அடுத்த விடயம் தொடங்கியிருந்தது. தேத்தண்ணி.

ஆனாலும் எழும்பிப் போவதை நான் விடவில்லை. பாடசாலைக் கூட்டத்தில், கோயிலில், மீனவர் சங்கத்தில், என் ஆட்களின் பெயர் வந்தால் போய் வெளியே நிற்கிறேன். விசரன், பைத்தியக்காரன் என்கிறார்கள். நீங்கள் பழக்கியதில் பிழை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை படவில்லை. என் மனக்குறை வேறு.

கடைசியாக உங்களைக் காண வந்தேனே, அன்றைக்கு. உங்கள் மனைவி, என் ராத்தா, திரைக்கு அந்தப் பக்கமிருந்து பிளேன்டீ கொடுத்துவிட்டார். நீங்கள் தலையணையில் சாய்ந்திருந்தீர்கள். குரல் மட்டும் பழைய குரல்.

"மகள் என்ன செல்றா? என்னோட கோவமா?"

"சீ, இல்ல காக்கா. உங்களுக்குச் சலாம் சொல்லச் சொன்னவ."

அவள் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன்.

"நீங்க?"

"எனக்குக் கோவிக்கத் தெரிஞ்சா நான் இப்ப தலைவரா இருப்பனே."

நீங்கள் சிரித்தீர்கள், இருமினீர்கள், என் கையை எடுத்து வைத்துக்கொண்டீர்கள். அந்த நேரம் தொண்டைவரை ஒன்று வந்தது. படுக்கையில் கிடக்கிற மனிதனிடம் சொல்கிற கதையா என்று தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

பாசிக்குடாவில் அன்றைக்கு அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து நான் வெளியே போனது சட்டத்தை நம்பி இல்லை, காக்கா. உள்ளே நீங்கள் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான்.