என் கைக்கு எந்தக் கேமரா

ஜனவரி 7, செவ்வாய்

எங்கள் கொச்சிக் கடைக்கு விசா போட்டோவுக்கு வந்த ஒரு பெரியவர் இன்று என்னிடம், போட்டோகிராஃபர் எங்கே என்று மலையாளத்தில், "போட்டோகிராஃபர் எவிடெ?" என்று கேட்டார். நான் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால்தான் நின்றிருந்தேன். நான்தான் என்று சொன்னேன். நம்பாமல் என் தோளுக்கு மேலே கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

சீட்டுப் பணம் எடுத்தாகிவிட்டது. இனி எனக்கென்று ஒரு கேமரா வாங்க வேண்டும். இரண்டில் எது என்பதில் வந்து நிற்கிறேன். ஒன்று ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ். நல்ல கனம், வேண்டிய லென்ஸை மாற்றிக்கொள்ளலாம், இருட்டு மண்டபத்திலும் படம் சுத்தமாக வரும். இன்னொன்று காம்பாக்ட். உள்ளே இருக்கும் சென்சார் பெரியதுதான், ஆனால் உடம்பு என் உள்ளங்கையில் அடங்கிவிடும். லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூம் கிடையாது, எடுக்கும்போது சத்தமும் கிடையாது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதில்தான் வினையே. ஒன்று மலிவாக இருந்திருந்தால் இத்தனை யோசனை வந்திருக்காது.

கடை முதலாளி சேவியர் சேட்டன் சின்னதைத்தான் வாங்கச் சொல்கிறார். "அது பேகில் இட்டு நடக்காம், செல்வி. நினக்கு எந்தினா ஈ பாரம்?" பையில் போட்டுக்கொண்டு நடக்கலாமாம், எனக்கு எதற்கு இந்தப் பாரமாம். பக்கத்தில் யூசுபும் தலையாட்டினான். கடையின் கல்யாண வேலையெல்லாம் யூசுப்தான். தினமும் பெரியதைச் சுமக்கிறவன். அவனுக்கு அது பாரமில்லையாம்.

ஜனவரி 8, புதன்

எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லும்போது எனக்கு ஏன் இப்படி அரிக்கிறது?

ஜனவரி 12, ஞாயிறு

வீட்டிலும் அதே பாட்டு. என் வீட்டுக்காரருக்குக் காக்கநாட்டில் ஃபிளாட் வேலை, டைல் ஒட்டுகிறார். ஞாயிறு என்பதால் மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"ஏ புள்ள, சின்னதுன்னா பைக்குள்ள கெடக்கும். பெருசத் தூக்கிட்டு பஸ்ல போனா ஊரே பாக்கும்ல?"

ஊர் பார்க்கட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அது இவருக்கு எங்கே புரியப்போகிறது.

"நீங்க டைல் கட்டர் வாங்கயில, கைக்கு அடக்கமா சின்னதா வாங்குங்கன்னு எவனாச்சும் சொன்னானா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "அது வேலைக்கி வாங்குறது."

அப்ப இது வெளாட்டுக்கா? ஆறு வருசமா அந்தக் கடையில நான் என்ன பம்பரமா சுத்துறேன்? வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவர் மறுபடி குழம்பு கேட்கவில்லை, நானும் ஊற்றவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

சரி, இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவுசெய்தேன். முதலில் காம்பாக்ட். பஜாரில் அரிசிக் கடை வைத்திருக்கும் மொய்து பாய் மகள் ஆஷிஃபாவுக்கு இன்று நிச்சயம். அவர்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், பெண்கள் பக்கம் ஆண்கள் வரக்கூடாது. அதனால் கடையிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

போய் அரை மணிகூட ஆகியிருக்காது. யாரோ ஒரு அம்மா என் கையில் ஒரு குழந்தையைத் திணித்தார். "கொஞ்சம் பிடிச்சுக்கோ மோளே, இப்ப வந்துர்றேன்." வரவேயில்லை. குழந்தையை ஒருவழியாக இறக்கிவிட்டால், ஆஷிஃபாவின் உம்மா மரியம் தாத்தா பிரியாணித் தட்டுகளை நீட்டுகிறார். அவர்கள் வழக்கில் அம்மாவுக்கு உம்மா, அக்காவுக்குத் தாத்தா. நான் போட்டோ எடுக்க வந்தவள் தாத்தா என்றேன். "அதுக்கென்ன, எடுத்துட்டே குடு," என்றார். எடுத்துக்கொண்டே கொடுத்தேன். பரிமாறி முடித்தபோது என் துப்பட்டாவில் நெய் வாசம்.

ஜனவரி 20, திங்கள்

படங்களைப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கின்றன. அதுதான் எரிச்சல். ஆஷிஃபா வாயைப் பொத்தாமல் சிரிக்கிறாள். மரியம் தாத்தா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கதை பேசுகிறார். யூசுபின் ஆல்பங்களில் இப்படி ஒரு படமும் கிடையாது. என் படங்களில் எல்லாரும் கூச்சமில்லாமல் இருக்கிறார்கள்.

அப்படியானால் சேட்டன் சொன்னது சரிதானா? ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. படம் நன்றாக வருவதற்கு நான் தட்டு தூக்கித்தான் ஆக வேண்டுமா?

ஜனவரி 26, ஞாயிறு

இன்று பெரியது. பள்ளுருத்தியில் பேச்சியின் மகளுக்குக் காதுகுத்து. பேச்சி எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கிறாள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் ஆண்கள் தானாக விலகினார்கள். "கேமராக்காரம்மாவுக்கு வழி விடுங்கப்பா!" நாற்காலி மேல் ஏறி நின்றேன், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆசாரியே ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வாங்கலாம்.

ஆனால் பெண்கள் பக்கம் திரும்பினால் எல்லாரும் விறைத்துப் போகிறார்கள். பேச்சியே என்னைப் பார்த்ததும் ரேஷன் கார்டு முகம் காட்டினாள். என்னோடு ஒரே தட்டில் தின்னுகிறவள்!

தோள் வலிக்கிறது. அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

மனசு கொதிக்கிறது. எழுதினால்தான் ஆறும்.

அரிசி வாங்க மொய்து பாய் கடைக்குப் போனேன். நோன்புப் பெருநாள் கழிந்து, ஏப்ரலில் ஆஷிஃபாவுக்கு நிக்காஹ். பெண்கள் பக்கம் எல்லாம் நான்தானே என்று சும்மா கேட்டேன். அவருக்கு என் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"சேவியரு சொன்னான் மோளே, உன்கிட்ட வலிய கேமரா இல்லேன்னு. கல்யாணம் ஒரு தடவதானே? அதான் யூசுப சொல்லியிருக்கு. பொம்பளைங்களுக்கு ஒரு அரமணி நேரம் ஒதுக்கி, போர்த்திக்கிட்டு நிக்கச் சொல்லலாம். நீயும் கூட வாயேன், உதவிக்கு."

மொய்து பாய் மேல் தப்பில்லை. பெரியதை வாங்காதே என்று என்னிடம் ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் சேட்டனின் அதே வாய், செல்வியிடம் பெரியது இல்லை என்று அங்கே போய்ச் சொல்லியிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது ஞாபகம் வருகிறது. எனக்கு எப்போது கல்யாண வேலை தருவீர்கள் என்று கேட்டேன். "அவசரம் வரும்போ பறயாம்," என்றார் சேட்டன். நான் உடனே, "எவ்வளவு அவசரம்னாலும் ஓடி வந்துருவேன் சேட்டா, நடுராத்திரி கூப்பிட்டாலும்," என்றேன். கடையே சிரித்தது. யூசுப்தான் பிறகு விளக்கினான், மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, வாய்ப்பு வரும்போது சொல்கிறேன் என்றுதான் சேட்டன் சொன்னார் என்று. இங்கே வந்து மொழி பழகாத தமிழ்க்காரி செய்த கூத்து என்று இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். நான் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. யூசுபுக்குக் காய்ச்சல் என்றால் செல்வி. பெண் வீட்டில் ஆண்கள் வேண்டாம் என்று கடைசி நேரத்தில் சொன்னால் செல்வி. ஆறு வருஷமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் எங்க ஊரு அவசரம்தான். அவர் ஊர் அவசரம் ஒன்றுகூட என் பக்கம் வரல.

பிப்ரவரி 8, சனி

வாங்கிவிட்டேன். பெரியது.

போர்ட் கொச்சியிலிருந்து படகில் எறணாகுளம் போனேன். கடைப் பையன் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே காம்பாக்டை எடுத்து வைத்து, "சேச்சிமாருக்கு இதா நல்லது," என்றான். எந்தச் சேச்சிமார் சொன்னார்கள் என்று கேட்டேன். பெரியதை எடுக்கச் சொன்னேன். ஃபுல் ஃபிரேமும் ஒரே ஒரு லென்ஸும், முப்பத்தைந்து எம்.எம். எங்கள் பக்கத்துச் சின்ன அறைகளுக்கு அது சரியாக இருக்கும். ஜூம் லென்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது பெட்டியைப் பைக்குள் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். ஊரே பார்த்தது.

பிப்ரவரி 10, திங்கள்

சேட்டனிடம் சொன்னேன். கேமராவைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பின்னெ எந்தினா இவிடெ நிக்குன்னெ?" என்றார், பிறகு எதற்கு இங்கே நிற்கிறாய் என்று. இனி கல்யாண வேலைக்குக் கூப்பிட மாட்டாராம், கவுண்டரில் வேண்டுமானால் உட்காரலாமாம்.

கவுண்டரில் உட்கார நான் எதற்கு? சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஒரு வேலையும் இல்லை. பேச்சியின் பூக்கடையைப் படம் எடுத்தேன். மல்லிகைக்குக் காசு கேட்க முடியுமா.

மார்ச் 3, திங்கள்

இவர் வேலையிலிருந்து வந்து கேமராவுக்கு ஒரு மரப்பெட்டி செய்து வைத்தார். உள்ளே ஸ்பான்ஞ்சு ஒட்டியிருக்கிறது. வாங்கியது சரி என்று சொல்லவில்லை. "ஈரம் ஏறிரும்," என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 18, செவ்வாய்

வருவது வரட்டும் என்று மரியம் தாத்தா வீட்டுக்கு நேரே போனேன். நோன்பு நேரம். அப்படியிருந்தும் எனக்கு மட்டும் சாயா போடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பெண்கள் பக்கம் முழுவதையும் என்னிடம் கொடுங்கள், கடை பெயரில் இல்லை, என் பெயரில் என்று கேட்டேன். பெரிய கேமராவையும் காட்டினேன்.

அவர் அதைத் தொடாமல் பார்த்தார். "உன் மேல ஒன்னும் இல்ல செல்வி. ஆனா இது வந்தா பொம்பளைங்க எல்லாம் தலையில போட்ட தட்டத்த இழுத்து மூடிக்குவாங்க. போன தடவ மாதிரி சின்னதக் கொண்டு வாயேன், யாருக்கும் பயமில்ல."

எனக்குக் குப்பென்று ஏறியது. இங்கேயுமா? அதற்குள் ஆஷிஃபா குறுக்கே வந்தாள். "பயம் கேமராவப் பாத்து அல்ல உம்மா. படம் எங்க போவுதுன்னுதான். செல்வியக்கா, நிச்சயத்துப் படமெல்லாம் அந்தக் கடை கம்ப்யூட்டர்லதானே கெடக்கு? யூசுப் இக்கா எல்லாத்தயும் பாத்திருப்பாருல்ல?"

பார்த்திருப்பான். ஆல்பம் வேலை அவனுடையது. ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கித்தான் வேலை செய்வான்.

"நாங்க அன்னைக்கி அது சும்மா வெளாட்டு கேமரான்னு நெனச்சோம்," என்றார் மரியம் தாத்தா.

சுருக்கென்றது. சின்னதன் முன்னால் அவர்கள் சிரித்தது என்னை நம்பி இல்லை, அதைக் கேமரா என்றே நினைக்காததால். நல்ல படம் என்று நான் ஜம்பமாகப் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் எடுத்தவை. இனி அப்படி ஒரு படம் எனக்கு வேண்டாம். பெரியதைப் பார்த்து, தெரிந்து, அதற்கப்புறம் சிரிக்கட்டும்.

அங்கேயே சொன்னேன்: மெமரி கார்டு இந்த வீட்டை விட்டு வெளியே போகாது. ஒவ்வொருத்தரும் தன் படத்தைப் பார்க்கலாம், பிடிக்காததைத் தானே அழிக்கலாம். ஆல்பத்தை ஆஷிஃபாவின் லேப்டாப்பில், இதே அறையில் உட்கார்ந்து செய்வேன்.

வாடிக்கையாளர் கையில் கேமராவைக் கொடுக்கவே கூடாது என்பது சேவியர் சேட்டனின் முதல் பாடம்.

"அழிக்கிறதுக்கு எந்த பட்டன்?" என்று கேட்டார் மரியம் தாத்தா.

ஏப்ரல் 14, திங்கள்

விஷு. தெருவெல்லாம் பட்டாசு. நான் இப்போதுதான் எழுந்தேன். சனிக்கிழமை மருதாணி போடும் மைலாஞ்சி, நேற்று நிக்காஹ், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

மைலாஞ்சி அன்று முதல் ஒரு மணி நேரம் மரியம் தாத்தாவையும் ஆஷிஃபாவையும் தவிர யாருமே முகம் காட்டவில்லை. பிறகு நான் கேமராவைக் கழற்றி மரியம் தாத்தாவின் கழுத்தில் மாட்டினேன். "என்ன கனம் ரப்பே!" என்று முதலில் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். பிறகு தன் படத்தைப் பார்த்தார், அழித்தார். அடுத்ததைப் பார்த்தார், அதையும் அழித்தார். மூன்றாவதில் நின்றார். "இது இருக்கட்டும்."

அதற்கப்புறம் பெண்கள் வரிசையில் வந்தார்கள். எத்தனை அழித்தார்கள்! நல்ல நல்ல படங்கள். எல்லாம் என் கண் முன்னாலேயே போயின. மொய்து பாயின் அக்கா தன்னுடையதை ஒன்று விடாமல் அழித்துவிட்டு எழுந்து போனார். போய்விட்டார் என்று நினைத்தால், கண்ணுக்குச் சுர்மா இட்டு, பச்சைத் தட்டம் மாற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "இப்ப எடு." நேராக லென்ஸைப் பார்த்தார். நான் இதுவரை எடுத்ததில் அதுதான் நல்ல படம். அவரும் அழிக்கவில்லை.

இரண்டு நாளும் என் கையில் யாரும் ஒரு தட்டைக்கூடக் கொடுக்கவில்லை. பசித்தபோது நானே போய்க் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காக்கநாட்டிலிருந்து ஒரு பெண் பேசினாள். மரியம் தாத்தாவின் மச்சினி வழியாம். முதல் கேள்வியே, "நாங்களே அழிக்கலாம்தானே?"

மே 6, செவ்வாய்

இன்று சேவியர் சேட்டன் பேசினார். பெயரைப் பார்த்ததும் எடுக்கலாமா வேண்டாமா என்றிருந்தது. எடுத்தேன்.

அவர் மகள் ரோஜாவுக்கு இந்த மாசக் கடைசியில் கல்யாணம். காலையில் வீட்டில் அலங்காரம் செய்யும்போது யூசுபோ வேறு ஆண்களோ உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம். செல்வி சேச்சிதான் வேண்டுமாம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் சேட்டன் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

வருகிறேன் என்றேன்.

"ஏது கேமரா கொண்டு வரும்?" எந்தக் கேமரா என்று கேட்கும் பழக்கம் விடவில்லை.

"அத நான் பாத்துக்கிறேன் சேட்டா."

சரி என்றார். பிறகு, "கார்டு நம்முடெ கடையில் தராமல்லோ?" என்று கேட்டார், கடையில் தரலாம்தானே என்று.

"இல்ல சேட்டா. கார்டு ரோஜாகிட்ட இருக்கும்."

 

"எனிக்கும் காணாமல்லோ, செல்வி?" என்றார், நானும் பார்க்கலாம்தானே என்று. கடைக்காரர் குரல் இல்லை அது, அப்பாவின் குரல்.

"பாக்கலாம் சேட்டா," என்றேன். "ரோஜா அழிச்சது போக மிச்சத்த."