பாண் தட்டுப்பாட்டில் வந்த சுகம்

1974 மார்ச் 12, செவ்வாய்

இன்று பருத்தித்துறையில் ஒரு புதிய டாக்டரைப் பார்த்தேன். கலியாணத்துக்கு முந்தியே தொடங்கிய வயிற்றோட்டம், ஊதல், களைப்பு. எத்தனை மருந்து குடித்தாயிற்று. இவர் மருந்து எழுதவில்லை. "எப்ப கொஞ்சம் சுகமா இருந்தனீங்கள்?" என்று கேட்டார். இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

யோசித்துவிட்டுச் சொன்னேன். "இப்பதான் டொக்டர். ஊரிலை பாண் இல்லாமல் போன பிறகு."

நாட்டில் கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு வந்து பாண் சுடுவது குறைந்ததிலிருந்து எங்கள் வீட்டிலும் மரவள்ளியும் குரக்கன் பிட்டும்தான். முன்பென்றால் எனக்கு வயிறு குழம்பியவுடன், வருத்தக்காரருக்குப் பாண்தான் நல்லது என்று என் கணவர் தேத்தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தருவார்.

டாக்டர் சிரித்தார். "கோதுமை சிலபேருக்கு ஒத்துவராது. அதைத் தொடாமல் ஒரு மாதம் இருந்திட்டு வாங்கோ, பாப்பம்."

எல்லாம் மனப்பயம் என்ற பழைய டாக்டரை நினைத்து, பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அவர், வெள்ளனக் கியூவில் நின்று வாங்கிய அரை இறாத்தல் பாணைத் துவாயால் மூடி வைத்திருந்தார். "உமக்குத்தான். நான் தொடேல்லை."

விசயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "அப்ப இவ்வளவு காலமும் நான்தானே தந்தனான்."

"இனி நீங்கள் சாப்பிடுங்கோ," என்றேன்.

நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டார், கறிகூட இல்லாமல். எனக்காக இந்தத் தட்டுப்பாடு இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று வேண்டலாமென்றுதான் இருந்தேன். சாப்பிடும்போது மலர்ந்த அந்த முகத்தைப் பார்த்தபின் மனம் வரவில்லை.