வில்லி பரிமாறிய சோறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. சிரிக்கத்தான் சொல்கிறேன், பதறாதீர்கள். தொலைக்காட்சித் தொடருக்கு நான் எழுதிக் கொடுத்த காட்சிகளைப் படித்துவிட்டு இயக்குநர் கூப்பிட்டார்.

"ஏம்மா, கல்யாண வீட்ல சாப்பிடுறாங்க, சரி. போலீஸ் ஸ்டேஷன்லயும் சாப்பிடுறாங்க. மருமகளைத் துரத்த வந்த வில்லி, அவளுக்குச் சுடச்சுடச் சோறு போட்டுட்டு நிக்கிறா. நீ கடைசியா எப்ப சாப்பிட்ட?"

யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. வில்லியை நான் பாத்துக்கிறேன்" என்று அறைக்கு அனுப்பிவிட்டார். அரிசி வைத்து, அதே குக்கரில் ஒரு முட்டையையும் போட்டேன். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. அதையும் வழித்துச் சாப்பிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

ஒரு ஆளுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று டம்ளர் கணக்கில் எழுதுங்கள். நீங்கள் விரலை விட்டுப் பார்க்கும் கணக்கு என் விரலுக்குச் சரிவரவில்லை. உங்கள் பழைய சால்வையையும் அனுப்புங்கள். புதிது வாங்க வேண்டாம், பழையதுதான் வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நாளைய காட்சியில், வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்த மகள் வாசலில் நிற்கிறாள். அப்பா முதலில் என்ன கேட்பார் என்றார் இயக்குநர். "சாப்பிட்டியாம்மா" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

இந்தத் தடவை பசியில் எழுதவில்லை, அப்பா.

உங்கள் மகள்