மாதனூரில் முதல் கேள்வி

மாதனூர் திருப்பத்தில் பல்கலைக்கழகப் பேருந்து நின்றபோது பசை வாசனை உள்ளே வந்தது. ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுகிற பசை. ஞாயிற்றுக்கிழமையிலும் ஏதோ ஒரு கம்பெனி ஓவர்டைமில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஃபூலா, கென்யாவிலிருந்து இந்த வருடம் படிக்க வந்தவள், துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள்.

நீ இருந்திருந்தால் ஒன்று சொல்லியிருப்பாய். புதிதாக வருகிற வெளிநாட்டு மாணவர்களிடம் எப்போதும் சொல்வாய், மூக்கைப் பொத்தாதீர்கள், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் என்று. ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவாய். "உனக்குந்தான்டி, ராணிப்பேட்ட மகாராணி. உங்க ஊர் தோல் பேக்டரில இல்லாத நாத்தமா?"

இன்று உன் வீட்டுக்குப் போனேன். நீ போன பிறகு முதல் முறை.

நானாகப் போகவில்லை. களப்பணிக்கு ஷூ கம்பெனித் தொழிலாளர் வீடுகளைக் குலுக்கலில் எடுத்தார்கள். நஃபூலா எடுத்த சீட்டில் உன் தெரு, உன் கதவு எண். பேராசிரியருக்குத் தெரிந்திருந்தது. வேறு வீடு எடுத்துக்கொள்ளலாம் என்றார். பரவாயில்லை சார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து பயம்தான்.

பயம் உன் அம்மாவிடம் இல்லை. கணக்கெடுப்புக் கேள்வித்தாளிடம். அதில் முதல் கேள்வி என்னவென்று உனக்குத் தெரியும். குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர். நஃபூலா ஆங்கிலத்தில் கேட்பாள். நான் தமிழில் கேட்க வேண்டும். உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

சமூக அறிவியல் மட்டும் சொல்லித் தருகிற நம் பல்கலைக்கழகத்தின் கண்ணாடிக் கட்டடத்தில், வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு மொழிபெயர்க்க ஒரு தமிழ் வாய் என்று நம்மைப் பிரித்துக் கொடுத்தார்கள். முதல் வருடம் மட்டும் உனக்கும் எனக்கும் சேர்த்து ஒரு ஜெர்மன் பையன். நினைவிருக்கிறதா? கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு பெரியவர் அவனைப் பார்த்துச் சொன்னார்.

"உங்களுக்கெல்லாம் வேற வேல இல்லயா? சும்மா பேஜார் பண்ணிக்கினு."

அவருக்கு இப்போது நேரமில்லையாம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நீ என் கையைக் கிள்ளினாய். பிறகு அவர் சொன்னதை அப்படியே அவனிடம் சொன்னாய், எரிச்சலோடு, கை ஆட்டலோடு. அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததைப் பார்த்து பெரியவரும் சிரித்தார். இருட்டும்வரை பேசினார்.

திரும்பும்போது சொன்னாய். "அவங்க சொன்னதச் சொல்லு. உன் பவுடர அதுல பூசாத."

இன்னொரு வழக்கமும் உன்னுடையது. கேள்விகள் முடிந்ததும் எழுந்துவிடக் கூடாது. "இப்ப நீங்க ஒண்ணு கேளுங்க" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வாய். ஒரு அக்கா அந்த ஜெர்மன்காரனிடம், உன் துணியை யார் துவைக்கிறார்கள் என்று கேட்டார். அவன் காது சிவந்தது. அதுவரை அவன் அவர்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தான்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். வேலூரில் ஆஸ்பத்திரி. வார்டு வாசலில் நான் நின்றேன். பிறகு, டெங்கு என்றார்கள். அவ்வளவுதான்.

கதவைத் திறந்த உன் அம்மா முதலில் நஃபூலாவைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு என் தோளில் இருந்த பையை. நம் எல்லோருக்கும் கொடுத்த அதே நீலப் பை.

"வா. உள்ள வாங்க ரெண்டு பேரும்."

உன் தம்பி பாய் விரித்துவிட்டு வெளியே போய்விட்டான். நஃபூலா பேனாவைத் திறந்தாள். முதல் கேள்வியைக் கேட்டாள். பேருந்தில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வந்தது ஒன்றுதான்.

"வீட்ல மொத்தம் எத்தினி பேரும்மா?"

"நீயே சொல்லேன். உனக்குத் தெரியாததா?"

அந்தக் கட்டத்தைக் காலியாக விடு, பிறகு வரலாம் என்று நஃபூலாவிடம் சொன்னேன். அது என் வார்த்தை. உன் அம்மா சொன்னதில்லை. உன் நகம் கையில் பட்டது போலிருந்தது.

மற்றதெல்லாம் சுலபமாகப் போனது. தையல் பிரிவில் எத்தனை வருடம், முதுகு வலி, தண்ணீர் எங்கிருந்து. கடைசியில் நான் சொன்னேன். "இப்ப நீங்க ஒண்ணு கேளுங்கம்மா."

"அவ பழக்கம்" என்றார். பிறகு நஃபூலாவைப் பார்த்து, நிதானமாக: "இந்தப் பொண்ணு எங்க வூட்டுக்கு வர பயப்படுது. இன்னா பயம்னு நீ கேளு. நான் கேட்டா சொல்லாது."

நஃபூலா என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். என்ன செய்வேன்? அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன், என்னையே 'அவள்' என்று குறிப்பிட்டு. நஃபூலா ஒரு நொடி குழம்பி, பிறகு புரிந்துகொண்டு, மெல்ல என்னிடம் கேட்டாள். உனக்கு என்ன பயம்?

நான் உன் அம்மாவிடம்தான் பதில் சொன்னேன். "இந்த மொதக் கேள்விதாம்மா."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினார். "எனக்கும் பயந்தான். இந்தப் பைய மாட்டிக்கினு யாரு தெருவுல வந்தாலும் அவ வர்ற மாரியே இருக்கும். அதுக்கோசரம் சாயங்காலம் ஆனா வாசப்பக்கமே வர்றதில்ல." பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ரெண்டுன்னு போட்டுக்கச் சொல்லு."

ரெண்டு. உன்னையும் சேர்த்து மூன்று என்று சொல்வாரோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். மூன்று என்றால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ரெண்டு என்பாரென்று யோசிக்கவே இல்லை. ஆங்கிலத்தில் அது மிகச் சின்ன வார்த்தை. சொன்னேன். நஃபூலா எழுதினாள். நீ இல்லை என்பதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. பவுடர் பூசவில்லை.

கிளம்பும்போது வர்றேம்மா என்றேன்.

"வர்றேன்னுட்டு வராம இருக்காத. அடுத்த வாரம் இந்தப் பேப்பருலாம் இல்லாம வா."

திரும்புகிற பேருந்தில் அதே வாசனை. நஃபூலா இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை. நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்வித்தாள் இருக்காது. நஃபூலா இருக்க மாட்டாள். யாருடைய வார்த்தைக்குப் பின்னாலும் நிற்க முடியாது. நீலப் பையைத்தான் மாட்டிக்கொண்டு போகப் போகிறேன். உன் அம்மா வாசலுக்கு வந்து பார்க்கட்டும், யார் வருகிறார்கள் என்று.