நாலு தடவை மாற்றிய ஆல்பம்

வெண்ணந்தூர்,
11.2.2026, புதன்கிழமை

அன்பு மகள் கனிஷ்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி இருக்கிறோம், மும்பையில் நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். எருமப்பட்டிப் பெரியம்மா வந்து ஒரு கூடை நிலக்கடலை வைத்துவிட்டுப் போனார்கள். எட்டு விசைத்தறியில் ஐந்துதான் ஓடுகிறது, ஆர்டர் இல்லை. நீ உன் பாட்டு ஆல்பத்தை நாலாவது தடவையாக மாற்றி அனுப்பி இருபது நாள் ஆகிறது, அம்மா ஒன்றுமே சொல்லவில்லை என்று உனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். போன வாரம் நீ போனில் பேசியது எனக்குப் பாதிக்கு மேல் விளங்கவில்லை, சரி சாமி சரி சாமி என்றே சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் அப்பாதான் சொன்னார், அம்மாவுக்கே பிடிக்கலைன்னா இந்த வேலை எனக்கு வராதுங்கப்பா, இருபதாம் தேதி ஆல்பத்தைக் குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டு ஏதாச்சும் கம்பெனி வேலைக்குப் போயிடறேன் என்று அவரிடம் அழுதாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம், கூரியரில் போடுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

உன் ஆல்பத்தை முதல் தடவை கேட்டதும் கம்பளியைப் போட்டு மூடின மாதிரி இருக்கிறது என்றேன். சலங்கை எங்கே, ஜால்ரா எங்கே, புல்லாங்குழல் மேலே போகிற இடத்தில் காணாமல் போகிறதே என்று கேட்டேன். நீ அந்தச் சத்தத்தையெல்லாம் ஏற்றி ஏற்றி அனுப்பினாய், நான் போதவில்லை போதவில்லை என்றேன். உன்னோடு பாடுகிற ஜெகதீஸ்வரன், இதுக்கு மேல ஏத்துனா காது கூசுதுங்க என்று சொன்னதற்கு, அந்தப் பையனுக்குத் தன் குரல் மட்டும் கேட்டால் போதும், அதான் அப்படிச் சொல்கிறான் என்று உன்னிடம் மூட்டிவிட்டதும் நான்தான். பாட்டு விஷயத்தில் எனக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம். நான் காலேஜ் படிக்கும்போது ராசிபுரத்தில் வாங்கின காவடிப் பாட்டு கேசட் உனக்குத் தெரியும், மஞ்சள் அட்டை போட்டது. அதில் இரண்டாவது பக்கம் நாலாவது பாட்டில் காவடி மலை ஏறுகிற இடத்தில் தவில் நின்றுவிடும், சலங்கை மட்டும் பன்னிரண்டு அடி வரும். அந்தப் பன்னிரண்டு அடியை வைத்துத்தான் இத்தனை வருஷமாக எல்லா ஆல்பத்தையும் நான் அளந்தேன். இப்போது வருகிறதெல்லாம் ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கிறது, மேளக்காரன் கை வலிக்காமல் அடிக்கிறான் என்றெல்லாம் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

போன மாசக் கடைசியில் பக்கத்து வீட்டுச் சித்ராவைப் பின்னால் உட்காரவைத்து ராசிபுரத்திலிருந்து வண்டியில் வந்தேன். வழி முழுக்க இண்டிகேட்டர் கத்திக்கொண்டே வந்திருக்கிறது. அவள் இறங்கி, ஏனக்கா உங்களுக்குக் காது கேக்குதுங்களா இல்லீங்களா, எதுக்க வாரவங்க எல்லாம் நாம திரும்பப் போறம்னு ஒதுங்கி ஒதுங்கி நிக்கறாங்க என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மறுநாளே அப்பா அஸ்தம்பட்டியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அனிதா என்று ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னது. முதலில் நாலைந்து தடவை அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்தது ஆரம்பிக்கலீங்களா என்று கேட்டேன். ஏனுங்கக்கா, அதெல்லாம் போட்டு முடிச்சாச்சுங்க என்றது. அது காட்டிய தாளில் கோடு பாதி வரைக்கும் சமமாக வந்து, அப்புறம் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷத் தறிச் சத்தம், மெல்லிசான சத்தமெல்லாம் போய்விட்டது, திரும்ப வராது, கருவி வைத்தால் கொஞ்சம் தேவலை என்றார் டாக்டர். சரிங்க என்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காக அந்தக் காவடிப் பாட்டைப் போனில் போட்டேன். சலங்கை வருகிற ஒவ்வொரு அடிக்கும் விரலைத் தூக்கறேன், நீங்க எண்ணுங்க என்று அப்பாவிடம் சொன்னேன். பன்னிரண்டும் தூக்கினேன், எனக்குத் தெளிவாகக் கேட்டது கண்ணு. அப்பா, ஏம்புள்ள, சலங்கையே இல்லாத பாட்டுக்கு விரலத் தூக்கற என்றார். கேலி என்று நினைத்தேன். அவர் சித்ராவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார், அவளும் இல்லை என்றாள். போனில் இருப்பது கம்பெனிக்காரன் அதே பாட்டைப் புதுசாகப் போட்டு வெளியிட்டதாம், அந்த இடத்தில் சும்மா கீபோர்டுதான் இழுக்கிறதாம். மூணு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் பழசு மாதிரி வருமா என்று உன்னிடம் வாதம் பண்ணியிருக்கிறேன். அப்பா, டெம்போ வண்டிக்குக் காத்துப் பிடிக்கணும் என்று போய்விட்டார். நான் உட்கார்ந்து யோசித்தேன். புதுசில் நான் நல்லது என்று சொன்ன ஆல்பமெல்லாம் உறுமியும் தவிலும். வேண்டாம் என்று தள்ளினதெல்லாம் குழலும் மணியும். அது ரசனை என்று நினைத்திருந்தேன். இப்போது தறி ஓட்டுகிறேன், சோறு ஆக்குகிறேன், எதுவும் தோன்றுவதில்லை. தறிக்குப் போகும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன், அப்பா சொன்னதற்காக.

அதனால் நான் சொன்னதை வைத்து நீ எதையும் முடிவு பண்ணக்கூடாது. எனக்காக ஏற்றின நாலையும் விட்டுவிடு, மற்றவர்களுக்கு அது ஊசி குத்துகிற மாதிரி இருந்திருக்கும். ஜெகதீஸ்வரன் சொன்னதுதான் சரி, அம்மா மன்னிப்புக் கேட்டாள் என்று அந்தத் தம்பியிடம் சொல்லு. ஆனால் மூணாவது பாட்டு நீளந்தான், கடைசி இரண்டு சரணமும் ஒன்றையேதான் சொல்கிறது, அதில் காது மேல் பழி போடமாட்டேன். நீ முதலில், யாரையும் கேட்காமல், உன் காதுக்குச் சரி என்று பட்டு அனுப்பினாயே, அதையே இருபதாம் தேதி கொடு. அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது சாமி. அம்மா இனிமேல் அதைச் சொல்ல முடியாது. என்னைக் கேட்காமல் கொடு.

ஹெட்போனைச் சத்தமாக வைக்காதே, மணிக்கொரு தரம் கழற்றி வை. உன்னைத் தூளியில் போட்டு ஆட்டினது ஓடுகிற தறிக்குப் பக்கத்தில், வேறு இடம் இல்லை. இந்த ஞாபகம் வந்ததிலிருந்து உன் காதைப் பற்றித்தான் எனக்கு நினைப்பு. ஆல்பத்தைக் கொடுத்த மறுநாளே நீயும் ஒரு தடவை காதைக் காட்டிவிட்டு வா, தள்ளிப்போடாதே. அங்கே கொடுக்கிற தாளை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு, கோட்டைப் பார்த்தால் எனக்கு இப்போது புரியும். உனக்கு ஒரு குறையும் வராது, நீ தொட்டதெல்லாம் நல்லபடி நடக்கட்டும், குலதெய்வம் கூட இருக்கட்டும்.

உன் அம்மா,
தீ. மைதிலி