கதவோரப் பெஞ்சு

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோயிலில் பாடகர் குழுவோடு உட்காராமல் கதவோரப் பெஞ்சில் இருந்தேன். போன வாரம் உச்சக் குரலில் பாடும்போது சிறுநீர் கசிந்து உள்பாவாடை நனைந்துவிட்டது. பாப்பா பிறந்து ஆறு மாதம். இது நோயா, தாயானால் இப்படித்தானா? எதற்கும் புத்தகம் தேடுபவள், இதற்குத் தேட மட்டும் கூச்சம். யாரிடம்? என்னிடமேவா?

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஜெய்சன் கேட்டார்: "குழுவுல யார்கூடயும் சண்டையா?"

ஆகஸ்ட் 14

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, பிள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் உள்ளதுதான். இதுக்குப்போய் ஆஸ்பத்திரியா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு இன்னும் இருக்கு" என்றாள்.

அம்மா தும்மும்போதெல்லாம் காலைப் பின்னிக்கொள்வாள். பார்த்துக்கொண்டேதான் வளர்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 30

பாளையங்கோட்டையில் டாக்டர் ஆபிதா பீவியைப் பார்த்தேன். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை தளர்ந்திருக்கிறதாம். ஆபரேஷன் தேவையில்லை, பயிற்சி போதும். "அடியில உள்ள தசையை இறுக்கி இறுக்கி விடுங்க" என்றார்.

கிறிஸ்துமஸ் கேரலில் தனிப்பாட்டு எனக்கு. அதற்குள் சரியாகுமா என்றேன். சிரித்தாரே தவிர, ஆகும் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 27

பயிற்சியைத் தவறாமல் செய்கிறேன். கசிவு கூடித்தான் இருக்கிறது.

அக்டோபர் 6

குழுவை நடத்தும் நேசையா அண்ணாச்சி வழிமறித்தார். "பாடுவியா மாட்டியாம்மா? இல்லன்னா டார்லினுக்குக் குடுத்துருதேன்." தொண்டை சரியில்லை என்றேன்.

தொண்டையாம்!

அக்டோபர் 9

டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். சங்கரி, என்னைவிடச் சின்னவள். கையுறை போட்டு, சம்மதம் கேட்டு, விரலால் சோதித்தாள். இறுக்கச் சொன்னாள். இறுக்கினேன்.

"டெபோராக்கா, உள்ள இழுக்கச் சொன்னா வெளிய தள்ளுதியளே! இன்னொரு பிள்ளையா பெக்கப் போறிய?"

சிரிப்பு வந்தது, கூடவே கசிவும். குழுவில் சேர்ந்த நாளிலிருந்தே அண்ணாச்சி பழக்கியது அது: "மூச்சை அடிவயித்துக்கு இறக்கு, கீழ தள்ளிப் பாடு." இறுக்கு என்றதும் என் உடம்பு அதைத்தான் செய்திருக்கிறது. இத்தனை நாளும் செய்தது முழுக்கத் தலைகீழ்.

"மூத்திரத்தையும் காத்தையும் அடக்குத மாதிரி, பைய மேல இழுங்க. மூச்சைப் பிடிக்காதிய. உச்சத்துக்குப் போறதுக்கு முன்னால இழுத்துட்டுப் பாடுங்க."

வீட்டுக்கு வந்து அழுதேன். யார்மேல் கோபப்படுவது? அண்ணாச்சி மேலா? டாக்டர் மேலா? தெரியல... ஒண்ணுமே தெரியல.

நவம்பர் 20

இருமல் வந்தது. நனையவில்லை. நம்பாமல் வேண்டுமென்றே இன்னொரு தடவை இருமினேன். ஜெய்சன் வெந்நீரோடு ஓடி வந்தார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கா கதவுக்கிட்ட போய் உக்காந்த? நான் சாமியவே வெறுத்துட்டியோன்னு பயந்து கிடக்கேன்."

டிசம்பர் 15, ஞாயிறு

கேரல் ஆராதனை. தனிப்பாட்டு டார்லினுக்குப் போய்விட்டது. நான் வரிசையில் நின்றேன். உச்சத்துக்கு முன்னால் மேலே இழுத்தேன். ஒரு சொட்டு கசிந்ததோ என்னவோ. கடைசி வரை பாடினேன்.

களக்காட்டிலிருந்து அம்மா வந்திருந்தாள். ஜெய்சன் முன்னால் இடம் பிடித்து வைத்தும், அவள் கதவோரப் பெஞ்சைவிட்டு அசையவில்லை. முடிந்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் பாப்பாவின் தொப்பியையே சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, உனக்குப் பயிற்சி சொல்லிக் குடுத்த அந்தப் பிள்ள பேரு என்ன சொன்ன?"

"சங்கரி, ம்மா."