காய்கறி வாசல்

பல்லரோ சந்தை, பலேர்மோ, சிசிலி
15.09.2025

அன்புத் தங்கச்சி மரியமலருக்கு,

இன்று காலை உன் மகள் அனிற்றா கொலேஜியோப் பள்ளிக்கூடத்துக்குள் காய்கறி வாசலால் போனாள். நான் அங்கே தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றேன். என்னைக் கண்டும் மாமா என்று சொல்லவில்லை. புத்தகப் பையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனாள்.

அவள் மட்டும் போயிருந்தால் பிந்திவிட்டாள் என்று நினைத்திருப்பேன். நொத்தாரிசின் பேரன், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள், டொக்டரின் மகள் என்று பள்ளிக்கூடமே என் கத்தரிக்காய்களை மிதித்துக்கொண்டு அதே வாசலால் போனது. எனக்கு விளங்கவில்லை. முன்பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது.

அந்தப் பள்ளியின் பழைய வழக்கம் உனக்குத் தெரியும். தொடங்கும் மாதம் முழுக்க அதிபர் பெரிய கதவடியில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்துப் பெயர் கேட்பார். இந்த வருசம் புதிய அதிபர், அசாமோவா என்று பெயர். தாய் தகப்பன் கானாக்காரர், பிறந்தது இந்த ஊரில். ஒரு கறுப்பு மனிதர் அந்தக் கதிரையில் இருப்பது இதுதான் முதல் தடவை. கோட்டும் டையுமாக, கையை அரைவாசி நீட்டியபடி நிற்கிறார். அதைப் பிடிக்க ஆளில்லை.

எத்தனையோ வருசமாக அங்கே மரக்கறி போடுகிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. அனிற்றாவுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன். எழுதியே சொல். உன் பக்கம் தோட்ட வேலைக்கு வரும் அருளையாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். முருங்கைக்காயும் வைத்திருக்கிறேன்.

அன்பு அண்ணன்,
கொன்ஸ்ரன்ரைன்

பகேரியா
16.09.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

முருங்கைக்காய் கிடைத்தது. கிளறா அண்ணியின் முழங்கால் நோ குறைந்ததா?

சொல்லிக் கொடுத்தது நான்தான்.

ஞாயிறு பூசையால் வந்த கையோடு, நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா குசினிக்குள் வந்தா. "எங்கடை பேரப்பிள்ளையள் அந்த ஆளுக்குக் கை குடுக்க மாட்டினம். உன்ரை மகளும் அவையோடை பக்கத்து வாசலாலை போகட்டும்" என்றா. அனிற்றாவுக்கு அந்தப் பள்ளியில் இடம் எடுத்துத் தந்தது அவ. நாங்கள் படுக்கும் அறையும் அவவின் வீட்டில். நான் என்ன சொல்ல?

இன்னொன்றும் இருக்கிறது, எழுதக் கூசுகிறது. அங்கே அனிற்றாவும் கறுப்புத்தானே அண்ணா. அந்த மனிதரோடு சேர்த்து அவளையும் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். செய்தது சரியோ அம்மா என்று கேட்டாள். பேசாமல் படு என்றேன்.

குறை சொல்லுங்கள், கேட்கிறேன். ஆனால் நீங்களும் அந்த ஆட்களுக்குச் சிரித்துச் சிரித்து விற்கிறவர்தானே. இத்தனை வருசத்தில் அந்தப் பெரிய கதவால் ஒரு நாளாவது போனீர்களா?

உங்கள் தங்கச்சி,
மரியமலர்

பல்லரோ
18.09.2025

தங்கச்சி,

உன் கேள்விக்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன். இன்றைய செய்தியை இருந்துகொண்டு வாசி.

காலையில் அந்த அதிபர் காய்கறி வாசலுக்கே வந்துவிட்டார். என் தக்காளிப் பெட்டிகளுக்கும் குப்பை வாளிக்கும் நடுவில் நின்றார். வந்த பிள்ளைகள் அப்படியே உறைந்துபோனார்கள். நொத்தாரிசின் பேரன் தன் சப்பாத்தைப் பார்த்தான். முன்னால் நின்றது உன் மகள். அவர் கையை நீட்டிப் பெயர் கேட்டார்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடைசியில் எங்கள் பிள்ளையும் இப்படியா என்று வாய் திறக்கப் போனேன். அதற்குள் அவள் கதைத்தாள்.

"இஞ்சை வேண்டாம், புரொபெசோரே. பெரிய கதவடிக்குப் போங்கோ, நான் அங்கை வாறன்."

சொல்லிவிட்டு எல்லாரையும் இடித்துக்கொண்டு வெளியே போய், தெருவைச் சுற்றி நடந்தாள். அந்த மனிதர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த சிசிலியனில், "நில்லாதேங்கோ, ஓடுங்கோ" என்றேன். டை தோளில் பறக்க உள்நடையால் ஓடினார். நான் தராசையும் பெட்டியையும் போட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் ஓடினேன்.

பெரிய கதவு பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து அவரே திறந்தார். அனிற்றா கை கொடுத்துத் தன் முழுப் பெயரையும் சொன்னாள். பின்னால் டொக்டரின் மகள் மட்டும் வந்தாள். வேறு ஒருவரும் வரவில்லை.

உன் சிஞ்ஞோராவின் மருமகள் காருக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்தா. இன்றைக்கே உன்னிடம் கதை வரும். பயப்படாதே.

அண்ணன்

பகேரியா
19.09.2025

அண்ணாவுக்கு,

கதை வந்தது. ஞாயிறுக்குள் அறையை விடட்டாம். சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல் என்று நான் நித்திரை முழித்த வீடு இது. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னா.

அனிற்றாவை ஏசப் போனேன். அவள் முகத்தைப் பார்த்தேன், ஏசவில்லை.

உங்களிடம்தான் வரவேண்டும். ஆனால் பாவம் பார்த்து வைத்திருக்கிற ஆளாக வரமாட்டேன். அண்ணியும் நானும் ஒரு குசினியில் நின்றால் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். வியாபாரி மாதிரி வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லுங்கள்.

மரியமலர்

பல்லரோ
20.09.2025

தங்கச்சி,

கிளறாவோடு கதைத்துவிட்டேன். வியாபாரப் பேச்சு இதுதான்.

கடைக்கு மேலே உள்ள அறை உனக்கும் பிள்ளைக்கும். அங்கே தனி அடுப்புப் போட்டாயிற்று, அதை அண்ணிதான் முதலில் கேட்டா. மத்தியானம் வரை நீ கடையில் நிற்க வேண்டும், மற்ற ஆட்களுக்கு உள்ள சம்பளம்தான் உனக்கும். அறை வாடகையை அதில் கழிப்பேன். பாவம் பார்க்கவில்லை. நடந்ததைப் பற்றி நான் இனி வாய் திறக்க மாட்டேன். நீயும் அழக்கூடாது.

அனிற்றா ஒவ்வொரு நாளும் பெரிய கதவால் போகவேண்டும், மழையென்றாலும்.

உன் கேள்விக்கு இப்போது பதில். நான் அந்தக் கதவால் ஒரு நாளும் போனதில்லை. திங்கட்கிழமை நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு அவளோடு போவேன். அந்த மனிதருக்குக் கை கொடுத்து என் பெயரைச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் சுற்றிப் போய்த் தக்காளி இறக்குவது. இது என் பக்கத்துப் பேச்சு.

ஞாயிறு பூசை முடிய மரக்கறி வானோடு வருவேன். சாமான்களைக் கட்டி வை.

கொன்ஸ்ரன்ரைன்